மூன்று நாள் பெயர் கேளாதார்

மேற்குக் கடலுள் கதிரவன் இறங்க, தேவ்நார்க் குப்பைமேட்டுப் புகையும் தொடர்வண்டி எழுப்பிய புழுதியும் கலந்து செம்புநிறத் திரையாய்த் திலக் நகரின்மேல் தொங்க, கூடடையும் காக்கைகளோடு போட்டியிட்டு மாந்தரும் தத்தம் மாடங்களுக்கு விரைந்துகொண்டிருந்த மாலைப்பொழுது அது. ஆங்கே ஐந்து மாடிக் குடியிருப்பொன்றின் வாயிலில், முழங்கால் வீங்கிய வடமலைநாட்டுப் பெண்ணொருத்தியைத் தோளில் தாங்கியபடி நின்றாள் பானுமதி. தாராவியில் தோற்பை விற்று, வாங்க வருவோன் வாய் திறக்குமுன்னே அவன் மடியின் கனத்தை அளந்துவிடும் வணிகத்தி.

எதிரே மின்தூக்கியை மறித்து நின்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் பிச்சையா. பதிவேட்டை நீட்டி, வந்தவள் பெயரும் ஊரும் எழுதினாலன்றி இரவு தங்க இசைவில்லை என்றார். எழுதிய மறுகணமே இசைவு மறுக்கப்படும் என்பதும், எவ்வகைப் பெயர்களுக்கு அங்கே இடமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமென்பது பானுமதிக்கும் தெரியும். மறுநாட்காலை மருத்துவரைக் காணவேண்டியவள், இன்றிரவு இடமின்றேல் நடைபாதையிற் கிடக்கவேண்டும்.

கற்றறிந்தீர், சென்ற பனிக்காலத்தைப் பானுமதி எங்ஙனம் மறப்பாள்? கம்பளி கொள்ள வடமலைப் பள்ளத்தாக்கொன்றுக்குச் சென்றவளை, பனி சரிந்து வழியடைபட, இன்று அவள் தோளிற் சாய்ந்து நிற்கும், அன்று முன்பின் அறியாத இந்த ராபியாவின் வீடே ஒன்பது நாள் காத்தது. அடுப்போரத்துக் கதகதப்பை விருந்துக்கு ஈந்து, வாயிற்குளிரில் தான் உறங்கினாள் ராபியா. நம் வணிகத்தியோ, ஒவ்வோர் அப்பத்தின் பின்னும் ஒரு விலை பதுங்கியிருக்கிறதென்று கணித்து, இரண்டு நாள் அரைவயிறே உண்டு தன் பசியோடு பேரம் நடத்தினாள். மூன்று நாள் கழிந்த பின்னரே ராபியா அவள் பெயரைக் கேட்டாள்; அதற்குமுன் விருந்தினரிடம் பெயரும் ஊரும் கேட்பது அம்மலையாருக்கு இழிவாம். விலையென ஒன்று கேட்கப்படவேயில்லை. பானுமதி தோற்று மகிழ்ந்த பேரம் அஃதொன்றே.

"ஏம்மா பானுமதி, பேரை எழுதிட்டுப் போனா உனக்கு என்ன குறைஞ்சு போவும்?" என்றார் பிச்சையா.

"மூணு நாளைக்கு விருந்தாளிகிட்ட யாரும் பேரு கேக்கக் கூடாது, அண்ணாச்சி. அது அவங்க வீட்டு முறை. இன்னையிலருந்து என் வீட்டு முறையும் அதான்."

"அப்ப லிஃப்டு ஓடாது. நாளைக்குத் தண்ணி வருமாங்கிறதும் சந்தேகந்தான்."

"நிறுத்திக்கிடும். படிக்கட்டை எங்க கொண்டு ஒளிச்சு வைப்பீரு?"

மொழி புரியாவிடினும் முகங்களைப் படித்துவிட்ட ராபியா, தொடர்வண்டி நிலையத்திலேயே படுத்துக்கொள்வதாக இந்தியில் முணுமுணுத்தாள். அதைச் செவிமடுக்காத பானுமதி, ஐந்தாம் மாடி வீட்டிலிருந்த கணவன் நாகராஜை அழைத்து நாற்காலியொன்றை இறக்கச் செய்தாள். விருந்தாளியை அதில் இருத்தி, முன்கால்களை அவனும் பின்கால்களை இவளுமாகப் பற்றி, உற்சவத் திருமேனி எழுந்தருளுவதுபோல் படியேறினர். மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்து, பார்த்து, சாத்திக்கொண்டது. நான்காம் மாடியில் விசாலாக்ஷி என்னும் அண்டைவீட்டாள் வந்து நாற்காலியின் ஒரு காலைப் பற்றினாள்.

ஐந்தாம் மாடியில் மூச்சிரைக்க நாற்காலியை இறக்கிய பானுமதி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழ்நோக்கிச் சொன்னாள்: "நாலாம் நாள் காலையில வாரும், அண்ணாச்சி. பேரை நானே சத்தமாச் சொல்லுதேன். வந்த வயித்துக்கு ஒரு வாய் சோறும் போடுதேன்."

கீழே பிச்சையா பதிவேட்டை மூடினார். எத்தனையோ பெயர்களை விழுங்கிக் கொழுத்த அவ்வேட்டில் அன்றைய வரி வெறுமையாகவே கிடந்தது. அவ்வெறுமையினும் தலைநிமிர்ந்த எழுத்து அதன் பக்கங்களில் வேறொன்றும் இருந்ததில்லை.