காணாமல் போனோர் பலகையின் 117ஆவது வரி

1

இது நானாக யோசித்துப் பிடித்த கதை இல்லை. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியை ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஐப்பசிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள் மோட்டார் ரிப்பேர். சாயங்காலம் வரை தண்ணீர் வராது என்று சொல்ல மேலே ஏறினேன். அறையில் இரண்டு பேர் ஒரே திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேசவில்லை. நான் வாசலில் நிற்பதையும் கவனிக்கவில்லை. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். அவ்வளவு நீளமான மௌனத்தைக் கலைக்க எனக்கு மனம் வராது. நானும் அந்த வகை ஆள்தான்.

அந்த மௌனம் எதைப் பற்றியது என்று பிறகு, அந்த இருவரில் ஒருத்தியான எழிலரசியிடம் கேட்டேன். அவள் சொன்னதில் பாதி புரிந்தது. புரியாத பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்.

“மலை அன்று மேகத்துக்குள்” — வேண்டாம். இந்த ஊரில் எழுதப்படுவது எல்லாமே மலையில் தொடங்கிவிடுகிறது.

“பைத்தான் மொழியையும் சி மொழியையும் இணைக்கும் நிரலில் நினைவகப் பிழைகள் மூன்று விதமாக ஏற்படலாம். முதலாவது” — இது பாடப்புத்தகம்.

“எழிலரசி அன்று நாலு மணிக்குள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.” இது இருக்கட்டும்.

அறையில் இருந்த மற்றவர் கண்ணாயிரம். அவர் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய நிரல், அதாவது புரோகிராம், அது. எழிலரசி அதைப் படித்துச் சரி என்று பொத்தானை அழுத்தினால்தான் அடி அண்ணாமலையில் நிற்கும் மின்பலகைக்குப் போகும். கிரிவலக் கூட்டத்தில் காணாமல் போனவர்களின் பெயரும் வயதும் ஒவ்வொன்றாக அதில் ஓடும். இதுவரை மைக்கில்தான் கூப்பிடுகிறார்கள். லட்சம் பேர் நடக்கிற சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்பதில்லை. இந்த ஒரு பௌர்ணமிக்கு மட்டும் பலகையை வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. நாலு மணிக்குள் நிரல் போகாவிட்டால் பலகை கிடையாது. போய், பெயரை மாற்றிக் காட்டினால் அதைவிட மோசம். பிள்ளையைத் தேடும் தாய், வேறு யாருடைய பெயரையோ படித்துவிட்டு நடந்துவிடுவாள்.

3

கண்ணாயிரம் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எழிலரசி 117ஆவது வரியில் நின்றுவிட்டாள். அவர் குடையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

மன்னிக்க வேண்டும். உட்கார்ந்து டீ குடிக்கிறவர் எப்படிக் குடையோடு உள்ளே வருவார்? முந்தைய பிரதியில் முருகவேல் என்று ஒரு மேனேஜர் இருந்தார். தேவையில்லை என்று நீக்கினேன். ஆனால் அவரைச் சுட்டிய ‘அவர்’ இந்த வாக்கியத்திலேயே தங்கிவிட்டது. முருகவேல் போன இடத்தில் கண்ணாயிரம் வந்து உட்கார்ந்துகொண்டார். நீங்களும் ஒரு நொடி நம்பியிருப்பீர்கள்.

[எழிலரசி கண்டுபிடித்த பிழையும் ஏறக்குறைய இதுதான். அதனால் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவைக்கிறேன்.]

4

“இன்னா எழில், அதே வரியில நின்னுட்ட?”

“ண்ணா, இங்க பைத்தான்கிட்டேர்ந்து பேரை வாங்கறோம். ஆனா நாங்க வச்சினு இருக்கோம்னு அதுகிட்ட சொல்லல. யாருக்கும் வேணாம்போலனு அது எடத்த காலி பண்ணிடும். பலகை பாட்டுக்கு அந்த எடத்தையே பாத்துனு இருக்கும். அடுத்து தொலைஞ்சவங்க பேரு அங்க வந்து உக்காந்துக்கும்.”

“வயசு?”

“வயசு வெறும் நம்பர், அத நகல் எடுத்துக்கறோம். மாறாது. பேரு மட்டுந்தான் மாறும்.”

கண்ணாயிரம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நாலாயிரம் தடவ ஓட்டிருக்கேன்மா. ஒரு தடவகூட மாறல.”

“யார் பேர போட்டு ஓட்டுனீங்க?”

“என் பேருதான். ஊர்ல இருக்கறவங்கள நான் எதுக்குத் தொலைக்கணும்?”

“அப்போ நாலாயிரம் தடவயும் நீங்களேதான் தொலைஞ்சிருக்கீங்க.”

“ஊட்ல சொல்லிடாத, ரொம்ப சந்தோஷப்படுவாங்க.”

அவள் சிரிக்கவில்லை. “காலியான எடத்துல மறுபடியும் உங்க பேரே வந்து உக்காந்தா, மாறுனது எப்படிண்ணா தெரியும்?”

“தப்பு தேடற டூல்லயும் போட்டேன். ஒண்ணும் சொல்லல.”

“அது வெளியேர்ந்து பாக்குது. பைத்தான் மொத்தமா எடம் வாங்கி உள்ளயே பிரிச்சிக் குடுத்துக்குது. உள்ள யாரு எடத்துல யாரு உக்காந்தாலும் அதுக்குத் தெரியாது.”

5

இரண்டு பெயர்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். காசி, வயது ஆறு. ரேணுகாம்பாள், வயது எழுபது.

[முதல் பிரதியில் ரேணுகாம்பாளுக்கு உடனே ஆறு வயதாகிவிட்டது. இருவரும் சிரித்தார்கள், பிழை நிரூபணமானது. நல்ல காட்சி. எழிலரசியிடம் படித்துக் காட்டினேன். “உடனே தெரியற தப்பா இருந்தா ரிவியூக்கு நான் எதுக்கு சார்?” என்றாள். அடித்துவிட்டேன்.]

பலகை சரியாகவே காட்டியது. காசிக்கு ஆறு, ரேணுகாம்பாளுக்கு எழுபது. இருபது தடவை ஓட்டினார்கள். இருபதும் சரி.

படித்ததை நம்புவதா, பார்த்ததை நம்புவதா? எழிலரசி மறுபடியும் மேலிருந்து படித்தாள். வரிகள் மாறவில்லை. அந்தப் பெயரை யாரும் பிடித்துவைத்திருக்கவில்லை.

“பௌர்ணமி முடியட்டும், மாத்திக்கலாம்” என்றார் கண்ணாயிரம். “இப்ப கை வச்சி வேற எதுனா புட்டுக்கினா?”

“என்னால அழுத்த முடியாதுண்ணா.”

“காட்டு பாப்போம், எங்க மாறுது?”

“காட்டத் தெரியல. ஆனா மாறும்.”

நான் தண்ணீர் விஷயமாக ஏறி வந்தது அப்போதுதான்.

[கண்ணாயிரம் ஏன் தன் பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்தார் என்பதற்குக் காரணம் தேடினேன். சிறுவயதில் அவரே கிரிவலத்தில் தொலைந்துபோய், ஒரு பூக்கடைக்காரம்மா மடியில்... இல்லை. அவர் எங்கும் தொலைந்ததில்லை. கேட்டுவிட்டேன்.]

நாற்பது நிமிடம். அவள் வாதத்துக்கு அவர் பதில் தேடவில்லை, படித்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக எழுதிய நிரலை அன்றைக்குத்தான், வேறு யாரோ எழுதியதுபோல, முதல் வரியிலிருந்து படித்தார்.

“எத்தன தடவ படிச்ச இத?”

“ஏழு.”

“ஏழு தடவ படிச்சிட்டு வாயத் தொறக்காம இருந்தியா?”

“எட்டாவதுக்கு நீங்களும் படிக்க வந்துட்டீங்க.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெயரைப் பிடித்துவைத்திருக்கிறோம் என்று பைத்தானுக்குச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தார். பிறகு கையை எடுத்தார்.

“இது மட்டும் போட்டா வேற தப்பு வரும், எழில். தொலைஞ்சவங்க கெடைச்சிட்டா பேரை விடணும் இல்ல? விடலன்னா அவ்ளோ பேரும் உள்ளயே சேந்துனு இருப்பாங்க. காலைக்குள்ள பலகை மூச்சு முட்டி நின்னுரும்.”

அது எழிலரசிக்குத் தோன்றியிருக்கவில்லை. பலகையிலிருந்து பெயரை எடுக்கும் இடத்தில் இரண்டாவது வரியைச் சேர்த்தார்கள். இதே பிழை இன்னும் மூன்று இடங்களில் இருந்தது. அதில் ஒன்றை அவர்தான் முதலில் பார்த்தார். மூன்றே முக்காலுக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். கை கழுவப் போனவர் குழாயைத் திருகிவிட்டு, தண்ணி இல்லையே, யாரும் சொல்லவே இல்லையே என்று கத்தினார்.

6

முடிவுகள்.

ஒன்று: மறுநாள் ஒரு தாயும் பிள்ளையும் பலகைக்குக் கீழே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எழுதினேன். அங்கே நான் போகவே இல்லை.

இரண்டு: மழையில் மின்சாரம் போய் பலகை அணைகிறது. நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த இருவருக்கும் அப்படிச் செய்ய எனக்கு உரிமை...

மூன்று: உண்மையில் நடந்தது. பௌர்ணமி முடிந்து எழிலரசியை மாடிப்படியில் பார்த்தேன். எப்படி இருந்தது என்றேன். “ஒண்ணும் ஆகல சார்” என்றாள். அவ்வளவு மலர்ந்த முகத்தோடு அவளை நான் பார்த்ததில்லை. அந்த வரிகள் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். யோசித்தாள். “தெரியாது சார். இனிமே தெரியவும் தெரியாது” என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறிப் போனாள். அடுத்த பௌர்ணமிக்கும் பலகை கேட்டிருக்கிறார்களாம்.

நடக்காத ஒன்றில் கதையை எப்படி முடிப்பது? பல நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதான் முடிந்தது: அடி அண்ணாமலை. கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் மட்டும் நின்று, அண்ணாந்து பலகையைப் பார்க்கிறார். அதில் ஓட வேண்டிய பெயரை நான் போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் எனக்குப் பழகிய பெயராகவே வருகிறது. கண்ணாயிரம் தன் பெயரையே போட்டு ஓட்டியதுபோல அது சரியாகத்தான் ஓடும், மாறினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

எனக்குத் தெரியாத ஒரு பெயர் வேண்டும். நீங்கள் போடுங்கள். அவர் இன்னும் அண்ணாந்துதான் நிற்கிறார்.