இரண்டு பச்சை வெல்வெட்

திரையை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கி, பத்தடி தள்ளி நின்று பார்த்தபோதுதான் தையல்காரருக்கு அது தெரிந்தது. குடியிருப்பின் புது அரங்கத்து மேடைத் திரையின் இடது பாதி ஒரு பச்சை; வலது பாதி வேறு பச்சை. இடது பக்கம் பாசி பிடித்த குளம் மாதிரி இருண்டு கிடந்தது. வலது பக்கம் அதே குளத்தை யாரோ வடித்து வெயிலில் காயப்போட்ட மாதிரி வெளுத்திருந்தது.

இரண்டும் ஒரே சுருளிலிருந்து வெட்டிய துணி. ஒரு பாதியை அவர் தலைகீழாகத் தைத்திருக்கிறார்.

வெல்வெட்டுக்கு ரோமம் உண்டு. பூனையின் முதுகைப் போல அது ஒரு பக்கமாகத்தான் படியும். ஒரே போக்கில் தொங்கவிடாவிட்டால் நிறமே மாறித் தெரியும். தையல் பழகப் போன முதல் வாரத்திலேயே குட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட பாடம் அது. ஆனால் வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் அவ்வளவு நீளத் துணியை எங்கே விரிப்பது? குறுக்கே இரண்டாக மடித்தார். மடிப்பில் கத்தரியை ஓட்டினார். வெட்டிய முனைகள் இரண்டிலும், திரையைத் தொங்கவிடும் கொக்கிப் பட்டையை வைத்துத் தைத்தார். வேலை நேர்த்தியாக இருந்தது. ஒரு பாதி நேராகவும் ஒரு பாதி தலைகீழாகவும் போனதைத் தவிர.

இந்த இட நெருக்கடிக்காகத்தான் அவர் அந்த அறையைக் கேட்டு நாயாக அலைந்துகொண்டிருந்தார். அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்து அறை. உடைந்த நாற்காலிகளும் பெயின்ட் டப்பாக்களும் அடைந்து கிடக்கும். ஆனால் பெரிய ஜன்னல். நீளமான தரை. ஒரு வெட்டு மேசையும் போட்டுத் தையல் மெஷினையும் போட்டால்கூட நடக்க இடம் மிஞ்சும். அதே அறையை உடற்பயிற்சி மாஸ்டர் ஒருவரும் கேட்டிருந்தார். நாளைக்கு அரங்கத் திறப்பு விழா. அது முடிந்த கையோடு சங்கக் கூட்டம். அறை யாருக்கு என்று அங்கேதான் முடிவாகும்.

முடிவெடுப்பவர் குடியிருப்போர் சங்கத் தலைவி. தலைவி தையல்காரருக்குச் சொந்த அண்ணி. அப்புறமென்ன கவலை என்று கேட்பவர்களுக்கு அண்ணி வாய்த்ததில்லை என்று அர்த்தம்.

அந்த அண்ணி இப்போது அரங்கத்துக்குள் வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தையல்காரர் வாயைத் திறந்தார்.

"பேசாதே தம்பி. எனக்குத் தெரியும்" என்றார் அண்ணி.

தையல்காரர் ஓரடி பின்வாங்கினார்.

"கடைக்காரன் நம்ம தலையில மிளகாய் அரைச்சிட்டான். ஒரே துணின்னு சொல்லி ரெண்டு துணியைக் கட்டிக் குடுத்திருக்கான். அன்னிக்கே நினைச்சேன். அந்த சேல்ஸ்மேன் சிரிச்ச சிரிப்பு ஒண்ணும் சரியில்ல."

"அண்ணி, அது வந்து… வெல்வெட்டுல என்னன்னா…"

"நீ வெள்ளந்தி. உன்னை எவன் வேணா ஏமாத்துவான். என்னை ஏமாத்த முடியுமா?"

சொல்லிக்கொண்டே அண்ணி செல்போனை வாயருகே பிடித்து, சங்கத்துக் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். "எல்லாருக்கும் தலைவி பேசறேன். நம்ம திரைத் துணியில பெரிய மோசடி நடந்திருக்கு. நான் நேர்ல போய் அந்தக் கடையை மண்டி போட வைக்கிறேன். நன்றி, வணக்கம்."

கட்டைவிரலை எடுத்ததும் செய்தி பறந்தது. தையல்காரரின் உண்மை தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. இனி அதை வெளியே எடுத்தால் மோசடிக்காரர் யார் என்று கட்டடம் முழுக்கத் தெரியும்.

ஆனால் ஒரு வழி இருந்தது. ஒரு பாதியின் கொக்கிப் பட்டையை மட்டும் பிரித்து மறுமுனையில் வைத்துத் தைத்துவிட்டால் தீர்ந்தது கதை. ஒரு சாயங்கால வேலை.

"கழட்டிடறேன் அண்ணி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஏதாவது பண்ணிப் பார்க்கிறேன்."

"எதுக்கு? ஆதாரத்தை அழிக்கவா?" அண்ணி அவரையே ஏணியில் ஏற்றித் திரையைக் கழற்ற வைத்து, மூட்டையாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கிளம்பு. நீதான் எனக்குச் சாட்சி. தொழில் தெரிஞ்ச ஆளு பேசினாத்தான் அவன் அடங்குவான்."

அந்தக் கடை ஐந்து மாடி. ஊருக்கு ஊர் கிளை. வாசலில் "நீங்கள் எங்கள் குடும்பம்" என்று ஆளுயர எழுத்து. அதன் கீழே நின்ற காவலாளி, குடும்பத்தாரின் மூட்டைக்குள் தடியை விட்டுக் கிண்டினார்.

"உள்ள என்ன?"

"உங்க கடை துணிதான்."

"எங்க கடை துணியா? பில் போடாம எப்படி வெளிய போச்சு?"

"வெளிய போகலைய்யா, உள்ள வருது!"

காவலாளி அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே வரும் துணியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கடைசியில் மூட்டையின் மேல் ஒரு சிவப்பு ஒட்டுக் காகிதத்தை ஒட்டி அனுப்பினார். போகும் வழியெல்லாம் கூரையிலிருந்த கேமராக்கள் தங்களையே திரும்பிப் பார்ப்பதாக அண்ணிக்குப் பட்டது. தையல்காரருக்கு அவை தன்னை மட்டும் பார்ப்பதாகப் பட்டது.

புகார் சொல்லும் இடத்துக்கு "வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்" என்று பெயர். அங்கே காத்திருந்த யார் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. கவுன்டரில் இருந்த பெண் சட்டையில் "சிரிப்பே எங்கள் சேவை" என்று ஒரு வில்லை குத்தியிருந்தாள். சிரிக்கவும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு அவளிடம் அல்ல, வில்லையிடம்தான் இருந்தது.

"மொபைல் நம்பர் சொல்லுங்க மேம்."

"எதுக்கு? நான் துணியைப் பத்திப் பேச வந்திருக்கேன்."

"நம்பர் போட்டாத்தான் உங்க பிரச்சினை எனக்குப் புரியும் மேம்."

அண்ணி நம்பரைச் சொன்னார். பிரச்சினை புரிந்தது. "வெட்டின துணியை நாங்க திரும்ப எடுக்கறதில்ல மேம்."

"வெட்டாத துணியை எவ வாங்குவா? ஆலையோட சேர்த்தா வாங்கிட்டுப் போவாங்க?"

"உங்க உணர்வுகளை மதிக்கிறோம் மேம்."

"மதிக்க வேணாம்மா, துணியைப் பாரு!"

துணியைப் பார்ப்பது அவள் வேலையில் வராதாம். அன்று விற்ற சேல்ஸ்மேனைக் கூப்பிட்டார்கள். அவர் குக்கர் பகுதியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நீங்கதானே அன்னிக்கு வெல்வெட் வெட்டிக் குடுத்தீங்க?" என்றார் அண்ணி.

"அன்னிக்கு ஒருநாள்தான் மேடம் துணிக்குப் போட்டாங்க. அதுக்கு முன்னாடி நான் செருப்புல இருந்தேன்."

"பார்த்தியா தம்பி? ஆளை மாத்தி மாத்திப் போட்டுத் தடயமே இல்லாம பண்றாங்க."

தையல்காரர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினால் எதற்கு அர்த்தம் என்று தெரியாதபடி ஆட்டினார். அவருடைய பயம் எல்லாம் ஒன்றே ஒன்று: இந்த ஐந்து மாடியில் துணி தெரிந்த ஒருவன் எங்கேயாவது இருந்துவிடக் கூடாது.

சத்தம் கேட்டு ஃப்ளோர் மேனேஜர் வந்தார். கோட்டு, டை, காதில் ஒயர். அந்த ஒயர் எங்கே போகிறது என்று அண்ணி கண்ணாலேயே தொடர்ந்து பார்த்தார்.

"முதல்ல இது எங்க துணிதானான்னு பார்க்கணும் மேடம். வெளிய வாங்கிட்டு இங்க வந்து சத்தம் போடறவங்களும் இருக்காங்க. தப்பா நினைக்காதீங்க, பொதுவாச் சொல்றேன்."

"பொதுவா நானும் சொல்றேன். கோட்டு போட்ட திருடனும் இருக்கான்."

மேனேஜர் மூட்டையை வெட்டு மேசையில் விரிக்கச் சொன்னார். சேல்ஸ்மேன் ஒரு பாதியை இந்தக் கோடியிலிருந்து உதறினார். மேசையில் வேறு துணிகள் கிடந்ததால் மற்றதை அந்தக் கோடியிலிருந்து உதறினார். ஒன்றின் கொக்கி இந்தப் பக்கம், மற்றதின் கொக்கி அந்தப் பக்கம். ரோமம் இரண்டிலும் ஒரே போக்கில் படிந்தது. இரண்டு துண்டும் மேசையில் ஒரே பச்சையாக, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலப் படுத்துக் கிடந்தன.

நெஞ்சு நிமிர்ந்ததில் மேனேஜருக்குக் கோட்டு கொஞ்சம் இறுகியது. "பாருங்க மேடம். ஒரே கலர்."

கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரே கலர்தான். தையல்காரர் கூரையைப் பார்த்தார்.

அண்ணியும் கூரையைத்தான் பார்த்தார். "இந்த லைட்டு!" என்றார். "லைட்டுலதான் இருக்கு சூது. தெருவுக்கு எடுத்துட்டு வாங்க. சூரியன் உங்க ஆள் இல்லையே?"

ஊர்வலம் படியிறங்கியது. வாசலில் காவலாளி மறுபடியும் பில் கேட்டார். மேனேஜர் அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அண்ணி மூன்று முறை கேட்டும் யாரும் சொல்லவில்லை.

நடைபாதையில் இடது பாதியை, கொக்கி மேலே வரும்படி, அண்ணி பிடித்தார். வலது பாதி தையல்காரர் கையில். அவர் அவசரமாகக் கணக்குப் போட்டார். கொக்கியை மேலே வைத்தால் நிறம் மாறும், அண்ணி ஜெயிப்பார். கீழே வைத்தால் நிறம் ஒன்றாகும், அண்ணி தோற்பார். தோற்றுத் திரும்பும் அண்ணியிடம் அறை கேட்பதைவிட அந்த லிஃப்டுக்குள் மெஷினைப் போட்டுக்கொள்ளலாம். கொக்கியை மேலே வைத்துப் பிடித்தார்.

இரண்டு பச்சை.

"இப்ப என்ன சொல்றே?" என்று அண்ணி கூவினார். சாலையில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

மேனேஜர் காது ஒயரைத் தடவினார். "உள்ள ஒண்ணா இருந்துச்சே… இருங்க மேடம், பெரியவரைக் கூட்டிட்டு வரேன்." சேல்ஸ்மேனையும் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அவர் ஓடிய வேகம் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "உள்ள ஒண்ணா இருந்துச்சுன்னானே? நாம லைட்டைப் பார்த்த நேரத்துல துணியை மாத்திட்டாங்களோ? உன் தையல்தானா இது, குடு பார்ப்போம்."

"என் தையல்தான் அண்ணி. வேணாம், விடுங்க."

"குடுன்றேன்ல."

பிடுங்கினார். அடிமடிப்புத் தையலைப் பார்ப்பதற்காகத் துணியைத் தலைகீழாகத் தூக்கினார். துணி நிறம் மாறியது. மெதுவாகத் திருப்பினார். வெளுத்தது. திருப்பினார். இருண்டது. பிறகு உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவு, கீழிருந்து மேலே ஒரு தடவு.

"தம்பி" என்றார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "இதை நீங்க எப்போ பார்த்தீங்க?"

பதினெட்டு வருஷத்தில் அண்ணி அவரை 'நீங்க' என்று சொன்னதில்லை.

"இப்பதான் அண்ணி."

"தம்பி."

"ஏணியை விட்டு இறங்கினப்பவே."

"அப்பவே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?"

"சொல்ல வந்தேன் அண்ணி. பேசாதேன்னீங்க. நான் வாயை மூடறதுக்குள்ள குழுவுல வேற போட்டுட்டீங்க. கடையை மண்டி போட வைக்கிறேன்னு…"

அண்ணி செல்போனைப் பார்த்தார். கட்டடம் முழுவதும் கைதட்டிப் பதில் அனுப்பியிருந்தது. உடற்பயிற்சி மாஸ்டர் மட்டும், "விவரம் தெரிந்ததும் சொல்லவும்" என்று கேட்டிருந்தார்.

அண்ணி துணியை மடித்து, தோள்பையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது பெரிய மேனேஜர் வந்துகொண்டிருந்தார். இன்னும் நல்ல கோட்டு. இரண்டு காதிலும் ஒயர்.

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் அண்ணி. "வெல்வெட் விக்கிறீங்களே, மேல் எது கீழ் எதுன்னு வாங்கறவங்களுக்குச் சொன்னீங்களா? ஒரு அம்புக்குறி? ஒரு சாக்பீஸ் கோடு?"

பெரிய மேனேஜர் ஃப்ளோர் மேனேஜரைப் பார்த்தார். ஃப்ளோர் மேனேஜர் சேல்ஸ்மேனைப் பார்த்தார். "எனக்கே யாரும் சொல்லலையே சார்" என்றார் சேல்ஸ்மேன்.

"வெல்வெட்டுக்கு மேல் கீழ் உண்டா?" என்று பெரிய மேனேஜர் சின்னவரிடம் உதட்டை அசைக்காமல் கேட்டார். அப்புறம் அண்ணியிடம் திரும்பி, "நிச்சயமா மேடம். அது எங்க கொள்கையிலேயே இருக்கு. எங்கேயோ தவறிடுச்சு. மன்னிச்சுக்கோங்க" என்றார்.

மகிழ்ச்சி மையத்தில் அண்ணி கையில் பிளாஸ்டிக் பூங்கொத்தைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் கவுன்டர் பெண்ணும் சிரித்தாள். வீடு போய்ச் சேருமுன் அந்தப் படம் சங்கக் குழுவுக்குப் போய்விட்டது: "மன்னிப்புக் கேட்டார்கள்."

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக் கூடத்திலேயே, அண்ணி எதிரில் உட்கார்ந்திருக்க, தையல்காரர் கொக்கிப் பட்டையைப் பிரித்து மறுமுனையில் தைத்தார். அண்ணன் எட்டிப் பார்த்து, "கடையில வேற துணி குடுத்துட்டாங்களா?" என்றார். "நீங்க போய்ப் படுங்க" என்றார் அண்ணி.

மறுநாள் திரை ஒரே பச்சையாக விலகியது. பெரிய கடைகளின் தில்லுமுல்லுகளைப் பற்றி அண்ணி நீண்ட நேரம் பேசினார். சங்கக் கூட்டத்தில் அறை விவகாரம் வந்தபோது உடற்பயிற்சி மாஸ்டர் எழுந்தார். "சொந்தக்காரங்களுக்கே குடுத்துட்டா எப்படி மேடம்?"

"சொந்தம்னு பார்த்தா இவருக்கு நான் குடுக்கவே மாட்டேன்" என்றார் அண்ணி. அதைவிட உண்மையாக அவர் அன்று எதையும் பேசவில்லை. அறை தையல்காரருக்கு என்று முடிவானது. இவ்வளவு சுலபமாகவா என்று தையல்காரருக்கே உதைத்தது.

காரணம் அவர் கடை திறந்த அன்று தெரிந்தது. வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் காலையிலேயே அண்ணி வந்து உட்கார்ந்தார். "சும்மாதான் தம்பி. வீட்ல போரடிக்குது." மறுநாளும் போரடித்தது. அதற்கடுத்த நாளும்.

நான்காம் மாடிக்காரம்மா ஒரு நாள் மகளுக்குப் பாவாடை தைக்கத் துணியோடு வந்தார். "ஏன் தம்பி, அன்னிக்கு அந்தக் கடையில என்னதான் நடந்துச்சு? கூட இருந்தீங்கல்ல, சொல்லுங்களேன்."

தையல்காரர் துணியை மேசையில் விரித்தார். வெல்வெட். கருநீலம். உள்ளங்கையால் போக்குப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் நாற்காலிப் பக்கம் நோக்கினார். அண்ணி அவர் கையைப் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் டப்பியைத் திறந்து குண்டூசிகளை ஒரு கொத்தாக எடுத்து உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொண்டார்.

"ம்ம்" என்றார்.

அண்ணி சாய்ந்து உட்கார்ந்தார்.