உட்கார்ந்தபடி ஓடிய பத்துக் கிலோமீட்டர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தலையில் அடித்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். யார் தலை என்பதைக் கேட்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

பெருந்தொற்று வந்து எல்லைகளையெல்லாம் அடைத்துப் போட்ட வருஷம். ஓட்டக் கழகத்தின் செயலாளர் ஒரு தையல்காரர். வருஷாந்தர ஓட்டத்தை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. தெருமுனையைத் தாண்ட யாருக்கும் அனுமதியும் இல்லை. மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டார். அவரவர் இருக்கும் இடத்திலேயே ஓடவேண்டியது. கணுக்காலில் அடி எண்ணும் கருவி. காலை ஆறு மணிக்குத் தொடக்கம். முதலில் பதினான்காயிரம் அடி, அதாவது பத்துக் கிலோமீட்டர் சேர்த்து, கருவியைப் படம்பிடித்துக் குழுவில் போடுகிறவருக்கு முதலிடம். சாட்சி வேண்டாம், மனச்சாட்சி போதும். அந்த வரியையும் அவரேதான் எழுதினார்.

அவர் மனைவியின் தம்பி லாரி ஓட்டுநர். எல்லை மூடிய அன்று எங்கோ ஒரு விடுதி அறையில் மாட்டிக்கொண்டவன். ஆறு வருஷமாக இந்த ஓட்டத்தில் அவனுக்கு இரண்டாம் இடம். ஆறு வருஷமும் முதலிடம் தையல்காரருக்கு.

ஓட்டத்துக்கு முந்தின நாள் போனில் கூப்பிட்டான்.

“மாமா, இந்த வருஷம் விடறதா இல்ல. நீங்க ஊசில நூல் கோக்கறதுக்குள்ள முடிச்சிடுவேன். அக்காகிட்ட சொல்லி வைங்க.”

“கட்டிலைச் சுத்தியா ஓடப்போறே? பாத்து மாப்ளே, வேகத்துல போய் உன் முதுகுலயே இடிச்சுக்காதே.”

மறுநாள் மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு முந்நூறு முகக்கவசம் போகவேண்டும். தையல்காரர் விடியும்போதே மிஷினில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக்குக் கணுக்காலில் கருவியைக் கட்டிப் பூஜ்யத்தில் வைத்தார். கையில் இருக்கும் இந்த ஒன்றை முடித்துவிட்டு எழலாம் என்று நினைத்தார். தையல்காரர்களுக்கு ‘இந்த ஒன்று’ என்பது ஓர் எண்ணிக்கை அல்ல. தலை நிமிர்ந்தபோது மணி ஏழு பத்து. மிதியை மிதித்த காலில் கருவி பதினான்காயிரத்து மூன்று என்றது.

சிரித்துவிட்டுக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. படம்பிடித்துக் குழுவில் போட்டார்.

இரண்டு நிமிஷம் கழித்து மச்சானின் படம் வந்தது.

மத்தியானம் எல்லாரும் போன் திரையில் கூடினார்கள். மச்சான் ஓடிய ஓட்டத்தில் கீழ் அறைக்காரர்கள் இடி இடிக்கிறதென்று கொடித்துணியை எடுத்துவிட்டார்களாம். ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி இடது செருப்பு வலதைவிட ஓரங்குலம் தேய்ந்துபோயிற்றாம். பாதத்தைத் தூக்கிக் காட்டினான். கொப்புளம் உடைந்து சதை சிவந்திருந்தது.

“ஆனாலும் மாமா மாமாதான்!” என்று கை தட்டினான். “இந்த வயசுல எப்படி மாமா? எங்க ஓடினீங்க?”

“இங்கதான்... வீட்டுக்குள்ளயே.”

மனைவி திரைக்கு எட்டாத மூலையில் முகக்கவசங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். போனின் ஒலியை அணைத்தாள்.

“என்னங்க, உக்காந்துகிட்டே ஓடினவரு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். அவன் காலைப் பாத்தீங்கல்ல?”

தையல்காரருக்குக் காது மடல் வரை சுட்டது. இன்னும் கை தட்டிக்கொண்டிருந்த மச்சானின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு ஒலியைத் திறந்தார்.

“மாப்ளே, நான் ஓடல. மிஷின் மிதிச்சேன். தெரிஞ்சேதான் படம் போட்டேன். முதலிடம் உன்னோடது.”

மச்சான் தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

“எத்தனை தைச்சீங்க?”

“இருநூத்தி எண்பது.”

“மிச்சத்தையும் தைச்சுக் குடுத்துடுங்க மாமா. பாவம், அங்க காத்துக்கிட்டிருப்பாங்க.”

திரையில் அவன் இருந்த கட்டம் மட்டும் இருண்டது.

தையல்காரர் மிஷினுக்குத் திரும்பினார். மிதியில் கால் வைக்கக் கூசியது. மீதி இருபதையும் சக்கரத்தைக் கையாலேயே சுற்றிச் சுற்றித் தைத்தார். மனைவி ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள்.

இதுவும் சத்தியம்: தையல்காரரின் மனைவி அவள் பெற்றோருக்கு ஒரே பிள்ளை; தம்பி என்று அவளுக்கு யாரும் கிடையாது.