ஜனாஸாவில் நிற்காத தம்பி

1

இந்தக் கதை கண்டியில் ஒரு டொக்டரின் அறைக்கு வெளியே, காத்திருந்த வாங்கில் கிடைத்தது. அங்கே இருந்த ஆண்கள் எல்லோரும் வயசாளிகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கும் அங்கே அலுவல் இருந்தது. அதற்குமேல் கேட்காதீர்கள்.

நான் எழுதிப் பார்த்த முதல் வரி: "அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் தாஸிம் ஹாஜியார் பிடிவாதமான..." இல்லை, சரிவரவில்லை. பிடிவாதம் என்பது ஊர் சொல்வது. மனுஷன் வெட்கப்பட்டார், அவ்வளவுதான்.

2

தாஸிமின் நானா, அவருடைய அண்ணன், மௌத்தானார். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு ஊரே பள்ளிக்குள் நிற்க, கூடப் பிறந்த தம்பி மட்டும் வெளியே, வாகனங்களுக்குப் பக்கத்தில் நின்றார். பழைய காணிச் சண்டை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். [அது எப்போதோ தீர்ந்த சண்டை. கதையிலிருந்து வெட்டிவிட்டேன்; ஊர் வெட்டவில்லை.]

உண்மை வேறு. ஒரு வருஷமாக அவருக்குச் சிறுநீர் முழுதாகப் போவதில்லை. போய் வந்த பிறகும் சொட்டும். தொழுகைக்காகக் கழுவிச் சுத்தமாகும் வுளூ நிற்காது. அப்படிப்பட்டவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

3

[டொக்டர் சொன்னதை இங்கே சொருகுகிறேன். கதைக்கு இடைஞ்சல்தான், இருக்கட்டும்.] வயது போகப் போக, மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி பருத்துக் குழாயை நெரிக்கும். மிகப் பலருக்கு வருவது, புற்றுநோய் அல்ல. அனேகமாக மருந்துக் குளிசைக்குக் கேட்கும். இல்லாவிட்டால் குழாய் வழியே கருவி விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமே பழுதாகலாம்.

ஜனாஸாவுக்குப் பிறகுதான் தாஸிம் இந்த டொக்டரிடம் வந்தார். சில வாரத்தில் குளிசை கேட்டது. உடனே நானா வீட்டுக்குப் போனார். நானாவின் மகன் அஹ்னாப் வாசலில் மறித்தான்.

"வாப்பாவுக்குத் தொழாத மனுஷனுக்கு இங்க என்ன அலுவல், சாச்சா?"

4

முதல் முடிவு: அவர் பேசாமல் திரும்பிப் போகிறார். இரண்டாவது: அஹ்னாப் அழுது கட்டிப்பிடிக்கிறான். இரண்டையும் எழுதிக் கிழித்தேன்.

தாஸிம் எப்படியோ சொல்லிவிட்டார். "மகன், எனக்கு ஒண்ணுக்குப் போறதுல வருத்தம். உடுப்புச் சுத்தம் நிக்கல்ல. அதோட எப்புடி வாப்பாவுக்குத் தொழ?"

அஹ்னாப் வாயைத் திறக்குமுன், கணவன் இறந்தபின் அந்நிய ஆண்கள் முன் வராமல் இத்தாவில் இருந்த மதினி றம்லத் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"ஒங்க நானாவுக்கும் அதே வருத்தம்தான் தம்பி. ராவெல்லாம் எழும்பினார். இந்த விஷயத்த யாருக்கும் செல்ல விடல்ல. ஒங்களுக்கு விடவே இல்ல."

நானா சிறுநீரகம் பழுதாகி மௌத்தானார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் பழுதானது என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். அதற்கு இந்தப் பக்கம் தம்பியும் அந்தப் பக்கம் நானாவும் ஒரு வருஷமாக ஒரே இருட்டில் எழும்பிப் போய் வந்திருக்கிறார்கள்.

"நானா எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லியிருந்தா..." என்று தொடங்கினார் தாஸிம்.

அந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். என்னால் ஏலாது.