டிரைவர் சீட்டில் திறந்த டப்பா

1

இந்தக் கதை எனக்கு ஒரு மோட்டலில் கிடைத்தது. மன்னார்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பகல் பஸ், மதியச் சாப்பாட்டுக்கு நின்றது. பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே தனி அறை உண்டு. மட்டன் சுக்கா, பொரித்த கோழி, கேட்டது வரும், காசு கிடையாது. கண்டக்டர் உள்ளே போய்விட்டார். டிரைவர் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்து ஒரு டப்பாவைத் திறந்தார்.

எட்டிப் பார்த்தேன். வாழைத்தண்டுக் கூட்டு, கீரை, பாசிப்பயறுச் சுண்டல். ஓரமாக ஒரே ஒரு கரண்டி சோறு.

"யாருங்க கட்டிக் கொடுத்தது?"

"வீட்டுலதாங்க. செவ்வந்தின்னு பேரு," என்றார் டிரைவர் இராஜாங்கம். பெண்டாட்டி பெயரை இவ்வளவு பெருமையாகச் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. அப்போதே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று செவ்வந்தி—’

அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கதை என்றால் தண்ணீர் வந்தால்தான் ஆரம்பிக்குமா?

இரண்டாவது: ‘ஆரோக்கியம் என்பது—’

இதற்கு மேல் எழுதக் கை கூசியது.

மூன்றாவது: ‘"பொங்கலுக்கு அப்புறம் டெஸ்ட். சுகர் இறங்கலேன்னா ஸ்டீரிங்கைத் தொட விட மாட்டாங்க," என்றார் டாக்டர்.’

இது இருக்கட்டும். கதையே இதில்தான் நிற்கிறது. மாத்திரையைத் தவறாமல் போடவேண்டும், கறியும் பொரித்ததும் கூடாது, அரிசியைக் குறைக்கவேண்டும், தினமும் நடக்கவேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். இராஜாங்கத்துக்கு பஸ் ஓட்டுவதைத் தவிர உலகத்தில் வேறு ஆசை இல்லை. இந்த மனிதரை டெப்போவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் ஒடிந்துபோவார் என்று செவ்வந்திக்குத் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு வலங்கைமானில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினாள்.

3

வந்ததும் அரிசியை அடியோடு நிறுத்தினாள். நெல் விளைகிற வீட்டில் அது சின்னக் காரியமா? கேழ்வரகுக் களி, கம்பு அடை, கோதுமை தோசை என்று மாறி மாறிச் செய்தாள். அடுத்த தடவை பார்த்தபோது சுகர் ஏறியிருந்தது.

"ஒரு பருக்கை சோறு போடலீங்க!" என்று டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

அன்று மாலை பக்கத்து வீட்டு மேகலா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள், "அண்ணன் சாப்ட்டாங்களா அக்கா?"

"எங்க சாப்ட்டாரு? தோசைதான் தின்னாரு."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். எத்தனை தோசை என்று அவள் பார்த்ததே இல்லை. சோறு இல்லையே, பாவம் என்று கேட்கக் கேட்கப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

(அடைப்புக்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சோறு தின்றால்தான் சாப்பிட்ட கணக்கு, மற்றதெல்லாம் வாய் நனைத்தது. ஒரு அடுக்கு தோசையை முடித்துவிட்டு ‘இன்னும் சாப்பிடவில்லை’ என்பார்கள். மனதாரச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.)

மறுநாள் சோறு தட்டுக்குத் திரும்பி வந்தது, ஆனால் இடம் மாறி வந்தது. முதலில் கீரை, கூட்டு, பயறு. வயிறு பாதி நிறைந்தபிறகு ஒரு கரண்டி சோறு.

"இதுதான் சாப்பாடு. சோறு தொட்டுக்க," என்று சொல்லியே பரிமாறினாள்.

பயறு, நெல் அறுத்த வயலில் அவர்களே தெளித்து எடுத்தது. வாழைத்தண்டு கொல்லையில் இருக்கிறது. பொன்னாங்கண்ணி வாய்க்கால் ஓரத்தில் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. கையருகே இருந்ததை வைத்தே ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் கொள்ளை மரியாதை, அதை மறைத்து எழுத எனக்கு வராது.

சாப்பிட்டதும் படுக்க விடமாட்டாள். மதகு வரைக்கும் நடக்கவேண்டும்.

"பஸ் ஓட்டுறவன நடக்க வைக்கிறியேடி."

"மதகு வர ஹாரன் அடிச்சிக்கிட்டே வாங்க."

4

இவ்வளவு நல்லவளாக ஒரு பாத்திரத்தை விட்டுவைத்தால் யார் நம்புவார்கள்? ஒரு குறையாவது வேண்டுமே. ‘அவர் டூட்டிக்குப் போனதும் செவ்வந்தி ஒளித்துவைத்த மசால்வடையை—’ என்று எழுதி, வலங்கைமானுக்கே போய் அவளிடம் வாசித்தேன்.

"நான் எதுக்குங்க ஒளிச்சி வைக்கணும்? எனக்கு சுகர் இல்லியே. அவரு முன்னால திங்க மனசு கேக்காது, அவ்ளோதான்."

வடையை அடித்துவிட்டேன். அன்று அங்கேயே சாப்பிட்டேன். மிச்சமிருந்த ஒரே குறையையும் சொல்லிப் பார்த்தேன், கூட்டில் உப்பு பத்தவில்லை என்று.

"அது டாக்டர் சொன்னதுங்க."

ஆக, குறை கிடைக்கவில்லை. அப்படியே விடுகிறேன்.

5

முடிவு அ: சுகர் இறங்கியது. இராஜாங்கம் பஸ்ஸைக் கிளப்பி, வலங்கைமான் ரோட்டில் தேவையே இல்லாமல் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு—

இனிப்பு கூடிவிட்டது. இந்தக் கதைக்கு ஆகாது.

முடிவு ஆ: இறங்கவில்லை. டெப்போ ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பஸ்ஸை வேறொருவர் எடுத்துக்கொண்டு போவதை—

என்னால் முடியவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

டெஸ்டுக்கு முந்தின நாள் செவ்வந்திக்கே போன் செய்து, எப்படி முடிக்கட்டும் என்று கேட்டேன்.

"அது ஒங்க வேலைங்க. நான் பயறு ஊறப் போடணும். சுகர் எறங்குனாலும் அவருக்குப் பசிக்கும், எறங்கலேன்னாலும் பசிக்கும்."

டெஸ்ட் முடிந்து நாளாகிவிட்டது. நான் இன்னும் கேட்கவில்லை. போனைக் கையில் எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன்.

நீங்கள் அந்தப் பகல் பஸ்ஸில் ஏறினால், மோட்டலில் எல்லோரும் இறங்கியபிறகு முன்பக்கம் பாருங்கள். டிரைவர் சீட்டில் ஒருவர் சோற்றைத் தொடாமல் முதலில் கீரையைத் தின்றுகொண்டிருந்தால், கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்குச் சொல்லவேண்டாம். இராஜாங்கம் எங்கே உட்கார்ந்திருந்தாலும் மதியத்துக்குள் அந்த டப்பா அங்கே போயிருக்கும். அது எனக்குத் தெரியும்.