கேப்பை முளைக்காத குடில்

செஞ்சிக் குன்றுகளின் பாறைகள் பகலெல்லாம் பருகிய வெயிலை மெல்ல உமிழ்ந்துகொண்டிருக்க, அனந்தபுரத்துச் சந்தை கலைந்து வண்டிகள் திண்டிவனம் நோக்கிப் புழுதி கிளப்பிச் செல்ல, ஏரிநீரின்மேல் மார்கழி மாலையின் பொன்னொளி மங்கிக்கொண்டிருந்த வேளையில், அருகிருந்த சிற்றூர் ஒன்றில் எட்டு அகவைச் சிறுமி ஜெசி, தன் வீட்டு வாயிலில் ஏழு கொட்டாங்கச்சிகளின் முன் குந்தி, அவற்றிலிருந்த மண்ணை இமையாது நோக்கியிருந்தாள்.

நுண்ணுணர்வு மிக்கீர், அவ்வூர்க் கத்தோலிக்கர் பாலன் இயேசுவின் பிறப்பு விழாவிற்குக் குடில் அமைக்குங்கால், பத்து நாள் முன்னரே கொட்டாங்கச்சிகளில் கேப்பை விதைத்து, முளைத்தெழும் பசும்பயிரை மண்பாவைகளைச் சுற்றி மேய்ச்சல் நிலமாக நிறுத்துவது வழக்கம். பெரியோர்க்கு அது வெறும் அழகு. ஜெசிக்கோ களிமண் ஆடுகள் மெய்யாகவே மேயும் வயல். ஈராண்டுகளுக்கு முன் குவைத்து நாட்டிற்கு வீட்டுவேலைக்குச் சென்ற அவள் தாய் இருதயசெல்வி, "ரெண்டே வருசம் பாப்பா. ரெண்டாவது குடில்ல கேப்பை பச்சையா நிக்கும்போது வந்துருவேன்" என்று சொல்லிப் போயிருந்தாள். பயிர் முளைத்தால் தாய் வருவாள் என்றே சிறுமி அதனைக் கொண்டாள். இது இரண்டாவது குடில். விதைத்து எட்டு நாளாகியும் ஒரு முளைகூட எழவில்லை.

கூலிவேலை முடித்து வந்த தந்தை அடைக்கலராஜ், மண்ணைக் கிளறி ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தான்.

"இத எதுல எடுத்த பாப்பா?"

"கஞ்சிக்கு வச்சிருந்தியேப்பா, அந்த டப்பாவுல."

"அது வறுத்த கேப்பைம்மா. வறுத்தது மொளைக்காது."

சிறுமியின் முகம் வெளிறியது. "அப்ப என்னாலதான் அம்மா வரலியா?"

தான் வேலை செய்யும் வீட்டார் விடுப்புத் தரவில்லை என்று இருதயசெல்வி தொலைபேசியில் அழுது ஒரு திங்கள் ஆகியிருந்தது. அதனை அவன் மகளிடம் மறைத்துவிட்டான். அன்பினால் மறைத்தான் என்று அவனுக்காக நான் வழக்காட மாட்டேன். சொல்ல அஞ்சினான், அவ்வளவே.

"உன்னால இல்லம்மா. அந்த வீட்டுல லீவு குடுக்கல. இன்னும் ஒரு வருசம் ஆவும். நீ வெதைக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா நான் தெனம் தண்ணி ஊத்தறத பாத்துக்கினு இருந்த?"

அவள் அழவில்லை; கொட்டாங்கச்சிகளை ஒவ்வொன்றாக வீட்டினுள் அமைத்திருந்த குடிலுக்கு எடுத்துச் சென்று, அதன் கடைக்கோடியில் மண்ணைக் கொட்டிப் பரப்பி, பாலனைக் காண வரும் மூவரசரின் ஒட்டகங்களுள் ஒன்றை அதன்மேல் நிறுத்தி, அதன் முகத்தைப் பாலனை நோக்கித் திருப்பினாள்.

"இது அம்மா இருக்கற ஊருப்பா. அங்க மண்ணுதான இருக்கும்."

தந்தை கண்ணீரோடு குனிந்து, அவ்வொட்டகத்தைப் பாலனருகே நகர்த்த முற்பட்டான். அவள் அவன் கையைப் பற்றித் தடுத்தாள்.

"வேணாம்ப்பா. இன்னும் ஒரு வருசம் இருக்குல்ல. அங்கயே நிக்கட்டும்."

பெரியவன் சொல்லத் துணியாத தொலைவைச் சிறுமி தன் கையாலேயே அளந்து வைத்துவிட்டாள். விழா முடிந்து மற்றைப் பாவைகளெல்லாம் பெட்டிக்குள் அடங்கிய பின்னரும், அவ்வொட்டகம் மட்டும் அந்த ஒரு பிடி மண்மீது நின்றுகொண்டிருந்தது. அதனை எடுத்து வைக்க அடைக்கலராஜுக்கு மனம் வரவில்லை.