பெண்கள் பக்கத்துக் கசெட்டுகள்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் எண்ணிம ஆவணகத்தில் வேறெதையோ தேடப்போய், தேடியதை மறந்து, கண்டதையெல்லாம் திறந்துகொண்டிருந்தேன். ஏட்டுச்சுவடி, தேர்தல் சுவரொட்டி, உப்புப் பையில் குத்திய முத்திரை, உடப்புக் கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், பஸ் டிக்கெட், சவூதியிலிருந்து ஒரு தாய் பேசி அனுப்பிய ஒலிநாடா. அவற்றுக்கு நடுவே புத்தளத்து அகதி முகாமொன்றின் கலியாண வீடியோக்கள், பெயர் மட்டும்; திறக்க முடியவில்லை. படம்பிடித்தவர்: பளீலா.

தொண்ணூறுகளின் முகாமில் ஒரு பெண் கமெராக்காரியா? புத்தளத்துக்கு பஸ் ஏறினேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "முகாமின் மேல் வானம் சாம்பல் பூத்துக் கிடந்த ஒரு..."

(வானம் வேண்டாம். பளீலாவுக்கு வானம் பார்க்க நேரமிருந்ததில்லை.)

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்த குடும்பம் அவளுடையது. கற்பிட்டி வீதியோரம் தென்னோலைக் கிடுகுக் கொட்டில். சவூதியில் வீட்டு வேலை செய்த மூத்தவள், அவளுடைய ராத்தா, ஒரு வீடியோ கமெரா கொண்டுவந்தாள், விற்பதற்கென்று. பளீலா விற்கவிடவில்லை. கலியாண வீடுகளில் ஆண் கமெராக்காரர்கள் பெண்கள் பக்கம் வரக்கூடாது. அவள் போகலாம். போனாள். கதவை மூடிய பிறகு அங்கே முக்காடுகள் இறங்கின, பாட்டு ஏறியது. ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் அவள் ஒரே வாக்கைக் கொடுத்தாள்.

"ஆம்புளைக் கண் படாது. என்ட பொறுப்பு."

3

காலம் போனது. மணப்பெண்களிடமிருந்த பிரதிகள் வெள்ளத்திலும் வீடு மாறியதிலும் போயின. மூலக் கசெட்டுகள் பளீலாவின் அலுமாரியில் உப்புக்காற்றில் பூஞ்சணம் பூத்துக் கிடந்தன. அப்போதுதான் ஆவணகத்திலிருந்து ருஷ்தா வந்தாள். முகாம்காலப் பொருள் எதுவானாலும் தேடி வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்த பெண். அலுமாரியைத் திறந்ததும் அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"மாமி, முகாம் பொம்புளையள் அழுற படம் எங்கட்ட நிறைய இரிக்கு. சிரிக்கிற படம் ஒண்டுமே இல்ல!"

பளீலாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வேலையை இப்படி யாரும் சொன்னதில்லை. மறுகணமே கொடுத்த வாக்கு நெஞ்சில் குத்தியது. மணப்பெண்களைக் கேட்காமல் கொடுக்க முடியாது. கேட்டு, மாட்டோம் என்றால், எல்லாம் அலுமாரிக்குள்ளேயே உக்கிப்போகும்.

முதல் மணப்பெண் ஜெமீலா இப்போது கற்பிட்டிப் பக்கம் மாம்புரியில். பளீலாவும் ருஷ்தாவும் போனபோது மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பொம்புளையள் மட்டும் எண்டு சொன்னதாலதானே ராத்தா, அண்டைக்கு ஆடினன்?"

"ஓம்."

"பொறகு இப்ப ஊருக்கே காட்டப் போறீங்களா?"

"பூட்டி வைக்கலாம், மாமி," என்றாள் ருஷ்தா.

"பூட்டினா திறப்பு யார்ட்ட இரிக்கும்?"

ருஷ்தா அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். ஆவணகத்தின் மேலிடத்தில் கேட்டாள். எல்லோரும் பார்க்க முடியாத ஒன்றை ஏன் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அவள் விடவில்லை.* கடைசியில் எழுத்தில் வாங்கிவந்தாள்: மணப்பெண் சம்மதித்தாலே கசெட் உள்ளே வரும், வந்த பின்னும் பெண்கள் மட்டுமே பார்க்கலாம், யார் பார்ப்பது என்று அந்தந்த மணப்பெண்ணே சொல்வாள்.

* ருஷ்தா அந்தக் கூட்டத்தில் பேசியதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு, "நான் இவ்வளவு அழகாக் கதைக்கல்ல. கத்தினன்," என்றாள். வெட்டிவிட்டேன்.

4

இனித்தான் கதையின் உச்சம். இதை என்னால் எழுத முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் மாம்புரி மண்டபமொன்றில் ஜன்னல்களுக்குப் படுக்கை விரிப்புக் கட்டி, முடிவெடுக்குமுன் பார்க்கட்டும் என்று மணப்பெண்களையெல்லாம் கூட்டி, துடைத்து எடுத்த முதல் கசெட்டை, ஜெமீலாவுடையதை, பளீலா போட்டாள். ஓடுமா, அறுமா என்று அவளுக்கே தெரியாது. இவ்வளவுதான் சொன்னாள். திரையில் என்ன ஓடியது என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு இல்ல தம்பி."

(ஜெமீலா சிவப்புச் சேலையில்... இல்லை. நிறத்தைக்கூட நான் ஊகிக்கக் கூடாது.)

ஆகவே வெளியே நின்ற ஜெமீலாவின் கணவர் ஜபார் சொன்னதை எழுதுகிறேன். முதலில் கசெட்டின் இரைச்சல் மட்டும்தானாம். யாரோ அழுவதுபோல் கேட்டதாம். பிறகு ஒருத்தி, "அல்லாஹ், அது நான்!" என்று கூவினாளாம். அதன் பின் குரவைச் சத்தம். கூரை அதிரச் சிரிப்பு. அதில் ஒரு சிரிப்பு தனியே உயர்ந்து நின்றது.

"அது என்ட மனுசி," என்றார் ஜபார். "இவ்வளவு காலம் ஒண்டா இருந்தும், அவ இப்பிடிச் சிரிப்பா எண்டு எனக்குத் தெரியாது."

கதவு திறந்தது. ஜெமீலா முகமெல்லாம் ஈரமாக வந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"ராத்தா, என்ட கசெட்டக் குடுங்க. என்ட பேரப் பெரிசாப் போடச் சொல்லுங்க!"

பின்னால் மற்றவர்கள் முண்டியடித்தார்கள். என்டதையும், என்டதையும்! பளீலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொடுத்த வாக்கு ஒன்றுகூட உடையவில்லை.

5

முடிவு ஒன்று: பளீலாவுக்கு மேடை, பொன்னாடை. (நடக்கவில்லை. நடந்தாலும் அவள் கமெராவோடு கீழேதான் நிற்பாள்.)

முடிவு இரண்டு: சிரிப்பு மெல்ல அடங்கி... (அடங்கவில்லை.)

உண்மையான முடிவு அந்தக் கசெட்டுகளில் இருக்கிறது. வாசிப்பவர் பெண்ணென்றால் இனி என் தயவு உங்களுக்குத் தேவையில்லை. மணப்பெண்களுக்கு எழுதிக் கேளுங்கள், போய்ப் பாருங்கள், எனக்குச் சொல்லாதீர்கள். ஆணென்றால் வாருங்கள். இங்கே வெளியே, ஜபாருக்குப் பக்கத்தில், நிற்க இடமிருக்கிறது. சத்தம் நன்றாகவே கேட்கிறது.